பரீட்சைக் கோயிலில் ஒரு பொட்டலம் சுண்டல்

"புரட்டாசி சனிக்கிழமை அதுவுமா வாத்து ஊர்ல வந்து மாட்டிக்கிட்டியேம்மா!"

மெட்ரோ ஸ்டேஷன் படியேறும்போதே மகன் கிண்டலை ஆரம்பித்துவிட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை. சீனாவின் நான்ஜிங் நகரத்துக்காரர்களுக்கு வாத்து என்றால் உயிர். உப்பு வாத்து, சுட்ட வாத்து, வாத்து ரத்த சூப், ஏன்... ரொட்டி சுடுவதற்குக்கூட வாத்துக் கொழுப்பு! 'நான்ஜிங்கைத் தாண்டி எந்த வாத்தும் உயிரோடு போனதில்லை' என்று அவர்களே ஜோக் அடித்துக்கொள்வார்கள். நானோ புரட்டாசி முழுக்க முட்டையைக்கூடத் தொடாதவள்.

மகன் நான்ஜிங்கில் மருத்துவம் படிக்கிறான். ஐந்தாம் ஆண்டு. இத்தனை வருஷமும் வீடியோ காலில் மட்டுமே பார்த்த ஊர் இது. அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய தின விடுமுறை. அவனுக்குக் கல்லூரி இல்லை. கொலுவை ஓரகத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, பத்து நாள் லீவு போட்டு, கரூரிலிருந்து கிளம்பி வந்துவிட்டேன். 'நவராத்திரியில் யாராவது வீட்டைப் பூட்டிக்கொண்டு போவார்களா' என்று மாமியாருக்குக் கொஞ்சம் வருத்தம். நான் வந்ததற்கு ஊர் பார்ப்பது மட்டும் காரணமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊரிலிருந்து நான்ஜிங்குக்கு வருவது கொஞ்சம் சுற்றுதான். நடுவில் ஓர் ஊரில் விமானம் மாறி ஷாங்காய் வந்து, அங்கிருந்து புல்லட் ரயில் பிடிக்க வேண்டும். சுமார் 300 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. டம்ளரில் தண்ணீர் அலம்பவில்லை என்பதைப் பார்த்துப் பார்த்தே நான் வந்து சேர்ந்தேன்.

"இன்னிக்கு உன்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று மகன் சொன்னபோது, புரட்டாசிச் சனிக்கு ஏதோ ஒரு கோயில் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். போய்ப் பார்த்தால், அது சாமி கோயில் இல்லை. வாத்தியார் கோயில்!

ஊர்க்காரர்கள் அதை 'ஃபூட்ஸ்மியாவ்' என்கிறார்கள். ஃபூட்ஸ என்றால் பெரிய ஆசிரியர். மியாவ் என்றால் கோயில். ஆசிரியர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை, கன்பூசியஸ்தான். 1034-ம் ஆண்டு, சோங் வம்ச ஆட்சியில் கட்டியது. ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்து இருபத்து நாலு வருஷம் கழித்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்ஜிங்குக்கு வரும் யாரையும் ஊர்க்காரர்கள் முதலில் அனுப்பும் இடம் இதுதான். ஆனால், கன்பூசியஸைப் பார்க்கப் போகச் சொல்ல மாட்டார்கள். 'சாப்பிடப் போங்கள்' என்பார்கள். இந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களின் சிற்றுண்டிகள் சீனா முழுக்கப் பிரபலம். கோயிலுக்கும் தீனிக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதா என்ன? ஆனால் நம் பஞ்சாமிர்தம், புளியோதரை மாதிரி இது பிரசாதம் இல்லை. கன்பூசியஸுக்கு யாரும் இந்தச் சிற்றுண்டிகளைப் படைப்பதும் இல்லை. இது காத்திருந்தவர்களின் சாப்பாடு. யார், எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதுதான் இந்த இடத்தின் கதையே.

முதலில் ஆறு. ச்சின்ஹுவாய் என்று பெயர். பெரிய ஆறில்லை, நம் ஊர் வாய்க்காலைவிடக் கொஞ்சம் அகலம். கன்பூசியஸ் கோயில்களின் முன்னால் பிறை வடிவில் ஒரு குளம் இருக்க வேண்டுமாம். இங்கே தனியாகக் குளம் வெட்டாமல் ஆற்றையே குளமாக்கிக்கொண்டார்கள். அக்கரையில் ஒரு செக்கச்சிவந்த சுவர், 110 மீட்டர் நீளம். அதில் தங்க நிறத்தில் இரண்டு டிராகன்கள். 1575-ல் எழுப்பிய சுவர். கோயிலுக்குத் திரை போட்ட மாதிரி நிற்கிறது.

விடுமுறை வாரம் என்பதால் கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு தி.நகர் ரங்கநாதன் தெருவில் நடந்தவர்களுக்குச் சமாளிக்கத் தெரியும். பட்டுப் பாவாடை மாதிரி பழைய காலத்து உடையை வாடகைக்கு எடுத்து, தலையில் பூக்கொண்டை வைத்து, போட்டோவுக்கு நிற்கும் இளம்பெண்கள்தான் பாதி. ரொம்ப அழகு. வழியை மறிக்கிறார்கள் என்று கோபப்படக்கூடத் தோன்றவில்லை.

சதுக்கமும் தெருக்களும் இலவசம். உள்ளே பிரதான மண்டபத்துக்கு டிக்கெட் உண்டு. மண்டபத்தின் முன்னால் நாலு மீட்டருக்கு மேல் உயரமான கன்பூசியஸின் வெண்கலச் சிலை. கையைக் கூப்பியபடி, கொஞ்சம் குனிந்த மாதிரி நிற்கிறார். இருபுறமும் அவருடைய சீடர்கள். நான் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றப் போனேன். மகன் தடுத்துவிட்டான்.

என்னை நிறுத்தியது சிலை இல்லை. சுற்றிலும் கட்டித் தொங்கவிட்டிருந்த சிவப்புப் பட்டைகள். ஆயிரக்கணக்கில். மரத்துண்டுகளில் பேனாவால் ஏதேதோ எழுதியிருந்தது.

"என்னடா எழுதியிருக்கு?"

அவன் ஒவ்வொன்றாகப் படித்தான். "காவ்காவ்ல 600 மார்க் வரணும்... என் பொண்ணுக்கு நல்ல யுனிவர்சிட்டி கிடைக்கணும்... கணக்கு மட்டும் பாஸ் பண்ணி விட்டுடு... இது பாட்டி எழுதினதும்மா, பேரனுக்கு."

காவ்காவ் என்பது அவர்களின் ப்ளஸ் டூ மாதிரியான கல்லூரி நுழைவுத் தேர்வு. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 7-ம் தேதி தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெற்றோர் இங்கே வருவார்களாம். ஹயக்ரீவர் சந்நிதியில் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் வைத்து எடுத்த நமக்கு இதெல்லாம் விளக்க வேண்டுமா? மே மாத வெயிலில், நீட் தேர்வு மையத்துக்கு வெளியே, தயிர்சாத டப்பாவோடு ஒரு வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றவள் நான். இரண்டு முறை. இரண்டு முறையும் கட்-ஆஃப் கைகொடுக்கவில்லை. அப்படித்தான் நான்ஜிங் என்ற ஊர்ப் பெயரே எங்கள் வீட்டுக்குள் வந்தது.

மூன்றடிக்கு நாலடி

கோயிலுக்குக் கிழக்கே பக்கத்திலேயே இருக்கிறது ஜியாங்நான் கோங்யுவான். பழைய சீனாவின் மிகப் பெரிய தேர்வு மையம். 1168-ல் தொடங்கியது. அரசாங்க அதிகாரி ஆக வேண்டுமென்றால் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும் என்பது அந்த நாட்டின் ஆயிரம் ஆண்டுப் பழக்கம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் மாகாணத் தேர்வுக்கு, இரண்டு மாகாணங்களின் மாணவர்கள் இங்கே வந்து குவிவார்கள். உச்சத்தில் இருந்த காலத்தில் இங்கே இருந்த தேர்வு அறைகள் 20,644. சரியாகத்தான் படித்தீர்கள். ஆளுக்கு ஓர் அறை.

இப்போது அங்கே பூமிக்கடியில் அருங்காட்சியகம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். கூரைக்குமேல் ஆழமில்லாத நீர்த்தடாகம். அதில், 1534-ல் கட்டிய மிங்யுவான் லோ என்ற கண்காணிப்பு மாடத்தின் நிழல் தெரிகிறது. யார் காப்பி அடிக்கிறார்கள் என்று மேலிருந்து பார்ப்பதற்கான மாடம். காப்பியும் சும்மா இல்லை. உள்சட்டை முழுக்க எறும்பு சைஸ் எழுத்தில் பாடத்தை எழுதிக்கொண்டு போனவர்கள் இருந்திருக்கிறார்கள். அந்த மாதிரிச் சட்டையை வைத்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையோடு படித்திருந்தாலே பாஸாகியிருப்பார்கள் என்று எந்த அம்மாவுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

மாதிரிக்காகக் கட்டிவைத்த தேர்வு அறைகள் வரிசையாக இருக்கின்றன. அறை என்று சொல்வதே அதிகம். அகலம் சுமார் மூன்றடி, ஆழம் நாலடி. கதவு கிடையாது. இரண்டு பலகைகள். ஒன்று உட்கார, ஒன்று எழுத. ராத்திரி இரண்டையும் ஒன்றாகப் போட்டால் படுக்கை. காலை நீட்ட முடியாது. மூன்று சுற்றுத் தேர்வு, ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று பகல், இரண்டு இரவு உள்ளேயே. சமையலும் அங்கேயேதான், தானே செய்துகொள்ள வேண்டும். வரிசையின் கோடியில் கழிப்பிடம். அதற்குப் பக்கத்து அறை யாருக்கு விழுகிறதோ அவன் கதி அதோகதி. அந்த அறைகளுக்கு 'நாற்ற அறை' என்றே பெயர்.

"உட்கார்ந்து பாரும்மா" என்றான் மகன்.

உட்கார்ந்தேன். முழங்கால் பலகையில் இடித்தது. எதிரே சுவர். "இதுல ஒன்பது நாளா?" என்றேன். "அதுவும் நூத்துல ஒருத்தர்கூட பாஸ் ஆக மாட்டாங்களாம்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை.

இங்கே தேறியவர்கள் பெரிய ஆட்களானதும் உண்டு. ஓவியர் தாங் போஹு 1498-ல் இங்கே முதலிடம். மறுவருடமே தலைநகரில் நடந்த மேல் தேர்வில் வினாத்தாள் ஊழல் புகாரில் சிக்கி, அதிகாரி கனவையே இழந்தார். அப்புறம் படம் வரைந்தே பிழைத்தார். தேறாதவர்களில் ஒருவர் வு ஜிங்ட்ஸி. இந்த ஆற்றங்கரையிலேயே குடியிருந்து, தேர்வு வெறியைக் கிண்டல் செய்து ஒரு நாவலே எழுதிவிட்டார். 'ரூலின் வாய்ஷி'. அதில், வாழ்நாள் முழுக்கத் தோற்றுத் தோற்று, கடைசியில் தேறிவிட்ட சந்தோஷத்தில் பைத்தியம் பிடித்துவிடும் ஒருவர் வருவார். அவரைத் தெளிய வைக்க, கசாப்புக் கடைக்கார மாமனார் கன்னத்தில் ஓர் அறை விடுவார். சீனாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதையாம் அது.

1905-ல் இந்தத் தேர்வு முறையே ஒழிக்கப்பட்டது. அறைகளைப் பெரும்பாலும் இடித்துவிட்டார்கள். மாடம் மிஞ்சியது. இன்னொன்றும் மிஞ்சியது. தீனி!

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபதாயிரம் பேர் தேர்வு எழுத வருகிறார்கள் என்றால் கூடவே வேலைக்காரர்கள், உறவினர்கள், புத்தகக் கடைக்காரர்கள், மை, தூரிகை விற்பவர்கள். தேர்வுக்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் தங்குவார்கள். அத்தனை பேருக்கும் சோறு வேண்டாமா? விடுதிகள் வந்தன. தேநீர்க் கடைகள் வந்தன. அக்கரையில் ஆட்டமும் பாட்டுமாக இன்னொரு உலகமும் வந்தது. அது பெரியவர்கள் கதை, விட்டுவிடுவோம். பயத்தில் வயிறு கலங்கிக் கிடக்கும் பையன்களுக்கு, பெரிய விருந்து இறங்காது. கொஞ்சமாக, சூடாக, மெல்லியதாக ஏதாவது வேண்டும். இந்தத் தெருத் தீனிகளைச் சாப்பிட்டுப் பார்த்தபோது, எனக்கு அதுதான் தோன்றியது. எல்லாமே சின்னக் கிண்ணம், சின்னத் தட்டு.

குழிப்பணியாரமும் சேப்பங்கிழங்கும்

இப்போது நிஜமாகவே சாப்பிடப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. பிரதான தெருவில் முதலில் கண்ணில் படும் கடைகளில் நின்றுவிடாதீர்கள். குச்சியில் செருகிய கணவாய், நாற்றமெடுக்கும் டோஃபு என்று சீனாவின் எல்லாச் சுற்றுலாத் தெருவிலும் கிடைப்பதுதான் அங்கேயும். நாற்ற டோஃபு இந்த ஊர்க்காரர்களின் சொத்தும் இல்லை, வேறு ஊர்களில்தான் பிரபலம். விலையும் அதிகம். "லோக்கல் ஆளுங்க இங்கே சாப்பிட வரவே மாட்டாங்கம்மா, பக்கத்து மார்க்கெட் தெருவுக்குப் போயிடுவாங்க" என்றான் மகன். ஆனால் தெருவை ஒட்டி, மாடியில் இருக்கும் பழைய தேநீர்க் கடைகள் வேறு ரகம். அங்கே 'ச்சின்ஹுவாயின் எட்டு அற்புதங்கள்' என்று ஒரு பட்டியல் உண்டு. 1980-களில், கோயில் வட்டாரத்தைப் புதுப்பித்தபோது, பழைய கடைகளின் கைப்பக்குவங்களைத் தேர்ந்தெடுத்து வைத்த பெயர் இது. எட்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று உலர்ந்தது, ஒன்று நீர்த்தது. இட்லிக்கு சாம்பார் மாதிரி, ரொட்டிக்கு சூப்.

உள்ளே போனதும் மகன் ஒரு வாக்கியத்தை எனக்கு மனப்பாடம் செய்வித்தான். 'வோ ச்சி சூ.' நான் சைவம் என்று அர்த்தம். சைவம் சாப்பிடுகிறவர்கள் சீனா வருவதாக இருந்தால் பாஸ்போர்ட்டுக்கு அடுத்து இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். காய்கறிதான் என்பார்கள், மேலே உலர்ந்த இறால் தூவி வரும். சூப்பில் கோழிச் சாறு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மகன் பரிமாறுகிறவரிடம் விசாரணை நடத்தினான். அந்த அம்மா சலித்துக்கொள்ளவே இல்லை. 'உங்க அம்மா விரதமா?' என்று கேட்டாராம்.

முதலில் வந்தது டோஃபு இழை. கெட்டியான டோஃபுவை நூல் நூலாக நறுக்கி, பலமுறை கொதிநீர் ஊற்றி வடித்து, நல்லெண்ணெயும் சோயா சாஸும் விடுகிறார்கள். இடியாப்பம் என்றே நினைத்தேன். வெறும் கத்தியால் நறுக்கியது என்று சொன்னபோது நம்ப முடியவில்லை. எள் வாசனை வந்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கூடவே கீரையும் காளானும் வைத்து அவித்த பன். பஞ்சு மாதிரி இருந்தது. இரண்டு சாப்பிட்டேன்.

மகனுக்கு வாத்து ரத்த சூப் வந்தது. கண்ணாடி மாதிரி சேமியா, வாத்தின் ஈரல், குடல், அல்வாத்துண்டு போல உறைந்த ரத்தம், மேலே கொத்தமல்லித்தழை, மிளகாய் எண்ணெய். ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்ட வீட்டில் பிறந்தவர்கள் இதற்கு முகம் சுளிக்கத் தேவையில்லை. புரட்டாசி இல்லாவிட்டால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். இங்கே வந்த முதல் வருஷம் வாசனையே ஆகாதவன், இப்போது கிண்ணத்தைச் சாய்த்துக் குடிக்கிறான். நாம் இல்லாத இடத்தில் பிள்ளைகளின் நாக்கு வளர்ந்துவிடுகிறது.

தெருவுக்கு இறங்கினால் இனிப்புகள். ஒரு கடையில் தேன்கூடு மாதிரி குழிகள் கொண்ட கனமான அச்சு. மாவு ஊற்றி, சிவப்புப் பயறு இனிப்புப் பூரணம் வைத்து, மேலே இன்னும் மாவு, அதன்மேல் குட்டிக் குட்டி அரிசி உருண்டைகள். மூடித் திருப்புகிறார்கள். மெய்ஹுவா காவ், அதாவது பிளம் பூ கேக். நம் குழிப்பணியாரச் சட்டியைத்தான் பூ வடிவில் செய்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். முட்டை இல்லை என்று கேட்டு உறுதிசெய்த பிறகு வாங்கினேன். அடி மொறுமொறு, நடுவே சுடச்சுடப் பூரணம். அவசரப்பட்டுக் கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. சேப்பங்கிழங்குப் பாயசம்! குட்டிச் சேப்பங்கிழங்குகளை வெண்ணெயாக வேகவைத்து, தாமரைத்தண்டு மாவு கரைத்த, செம்பழுப்பு நிறச் சர்க்கரைக் குழம்பில் போட்டுத் தருகிறார்கள். தாங் யூமியாவ் என்று பெயர். சேப்பங்கிழங்கை வறுவலுக்கும் புளிக்குழம்புக்கும் மேல் யோசித்தே பார்க்காத எனக்கு, இது பெரிய அதிர்ச்சி. மேலே மஞ்சளாகச் சின்னச் சின்னப் பூக்கள் தூவியிருந்தன. குய்ஹுவா. ஆங்கிலத்தில் ஒஸ்மாந்தஸ். நம் மல்லிகையின் குடும்பம்தான். வேப்பம்பூ அளவு, வாசனை மட்டும் பழுத்த பழம் மாதிரி. இலையுதிர்காலத்தில் ஊர் முழுக்க இதே வாசம்.

இந்தப் பூவுக்கும் தேர்வுக்கும்கூட சம்பந்தம் உண்டு. மாகாணத் தேர்வு அவர்களின் எட்டாம் மாதத்தில் நடக்கும். நம் ஆவணி, புரட்டாசியை ஒட்டி வரும். முடிவு வெளியாகும்போது குய்ஹுவா பூத்திருக்கும். அதனால் தேறியவர்களின் பட்டியலுக்கே 'குய்ஹுவா பட்டியல்' என்று பெயர். அந்த வாசனையை எத்தனை பேர் சந்தோஷத்தோடு நினைத்திருப்பார்கள், எத்தனை பேருக்கு அது வந்தாலே வயிற்றைப் பிசைந்திருக்கும்!

இருட்டியதும் ஆற்றில் விளக்குப் படகுகள் போகத் தொடங்கின. இரு கரையிலும் வெள்ளைச் சுவர், கறுப்பு ஓட்டுக் கூரை. தண்ணீர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். சீனப் புத்தாண்டை ஒட்டி இங்கே விளக்குத் திருவிழாவும் நடக்கிறது. அப்போது கூட்டம் கட்டுக்கடங்காமல் போனால் மெட்ரோ ரயில் ஃபூட்ஸ்மியாவ் ஸ்டேஷனில் நிற்காமலே போய்விடுமாம். முந்தைய ஸ்டேஷனில் இறங்கி நடப்பது உத்தமம்.

இந்த ஊருக்கும் தமிழுக்கும் ஓர் உறவு உண்டு என்பதைப் படகில் வைத்துத்தான் மகன் சொன்னான். மிங் அரசின் கப்பற்படைத் தளபதி செங் ஹே, 1405-ல் தொடங்கி ஏழு கடற்பயணங்கள் போனவர். அவருடைய கப்பல்கள் கட்டப்பட்டது இதே நான்ஜிங்கில். அவர் இலங்கையின் காலியில் நிறுவிய 1409-ம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கிறது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அறுநூறு வருஷத்துக்கு முன்பே இங்கிருந்து நம் எழுத்து தெரிந்த யாரோ ஒருவரைத் தேடியிருக்கிறார்கள்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த கோயில் மண்டபம் 1034-ல் கட்டியது அல்ல. எத்தனையோ முறை எரிந்து, எத்தனையோ முறை எழுந்திருக்கிறது. கடைசியாக 1937-ல் ஜப்பானியப் படை இந்த நகரைப் பிடித்தபோது, மக்கள் பட்ட கொடுமை உலகம் அறிந்தது. கோயிலும் அப்போது எரிந்தது. 1980-களில்தான் திரும்பக் கட்டினார்கள். 'புதுசுதானே' என்று இணையத்தில் அலுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எரிந்துபோன இடத்தில், அதே ஊர்க்காரர்கள், அதே மாவை அதே குழியில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

படகை விட்டு இறங்கி, ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்தோம். மகன் ஒரு காகிதக் கப்பைக் கையில் கொடுத்தான்.

"இது உனக்குன்னே வாங்கினேன். கொலுவை விட்டுட்டு வந்தியே... சுண்டல்."

சிவப்பாக, ஈரமாக, சோயா மொச்சை. சோம்பும் பட்டையும் போட்டு வேகவைத்தது. இனிப்பா உப்பா என்று சொல்ல முடியாத ருசி. தேங்காயும் கடுகும்தான் பாக்கி. இதற்கு 'ஜுவாங்யுவான் மொச்சை' என்று பெயர். ஜுவாங்யுவான் என்றால் நாட்டிலேயே முதல் மாணவன். ச்சின் தாஷி என்று இந்த ஊர்ப் பையன், ரொம்ப ஏழை. ராத்திரி வெகுநேரம் படிப்பான். அவன் அம்மாவிடம் கொடுப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. சோயா மொச்சையை வேகவைத்து, மேலே ஒரு பேரீச்சை மாதிரியான சிவப்புப் பழத்தை வைத்துக் கொடுப்பாளாம். அவன் 1752-ல் தேர்வில் நாட்டுக்கே முதலிடம் வந்தான். அவன் முதலிடம் வந்தது வரலாறு. மொச்சை, ஊர் சொல்லும் கதை. அன்றிலிருந்து எல்லா அம்மாக்களும் பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுக்கிறார்கள்.

கதையைச் சொல்லி முடித்து அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"போன செமஸ்டர்ல ரெண்டு அரியர்."

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு செமஸ்டரும் மார்க் ஷீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறவன், இந்த முறை அனுப்பவில்லை. கேட்டால் 'இன்னும் வரலை' என்றான். இரண்டு மாதமாகக் குரல் சரியில்லை. அதனால்தான் கொலுவை விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

"எழுதிடலாம்டா" என்றேன்.

"இது எழுதிடலாம்மா. அதுக்கப்புறம்?"

அவன் கேட்டது எனக்குப் புரிந்தது. வெளிநாட்டில் மருத்துவம் முடித்து வருகிறவர்கள், இந்தியாவில் டாக்டராக வேலை பார்க்க எஃப்.எம்.ஜி.இ. தேர்வு எழுத வேண்டும். 300 மார்க்குக்கு 150 வாங்கினால் பாஸ். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும், ஆனால் தேறுகிறவர்களைவிடத் தேறாதவர்களே அதிகம். இவனோடு ஒரே அறையில் இருந்த சீனியர் அண்ணன் ஊரில் மூன்றாவது தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறார். வங்கிக் கடன் வேறு.

"அப்பாகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கறேன்."

"வேணாம்மா. நானே சொல்றேன். நீ பக்கத்துல மட்டும் இரு."

அங்கேயே வீடியோ கால் போட்டான். அவர் முதலில் அதட்டினார். அப்புறம் 'சாப்டியா' என்று கேட்டார். அப்புறம், பின்னால் தெரியும் டிராகன் என்ன என்று கேட்டார். மகன் போனைத் திருப்பிச் சுவரைக் காட்டினான்.

கிளம்பும்போது, ஊருக்கு எடுத்துப்போக இன்னும் ஒரு பொட்டலம் மொச்சை வாங்கச் சொன்னேன். கடையில் நரைத்த தலையோடு ஒரு பாட்டி. மகனை ஏற இறங்கப் பார்த்து ஏதோ கேட்டார். இவன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். பாட்டி, கட்டிய பொட்டலத்தைத் திரும்பப் பிரித்து, இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டார்.

"என்னடா கேட்டாங்க?"

"'பரீட்சையா?'ன்னு கேட்டாங்க. 'ஆமா பாட்டி, மூணு இருக்கு'ன்னேன்."